முதல் பந்தி

மூன்று பேர் சேர்ந்து சாப்பிடும் பெரிய சகன் தட்டில் பிரியாணி ஆவி பறந்துகொண்டிருந்தது. சுற்றி உட்கார்ந்த மூன்று பேரில் ஜாபிர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு, "நான் சாப்புட மாட்டேன் மாமா" என்றான்.

லியாக்கத் அலிக்குப் பகீரென்றது. மகள் ரூமானாவுக்கு நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளைக்கு வைக்கும் முதல் வெள்ளிக்கிழமை விருந்து இது. பைக் கேட்கப் போகிறானா, கார் கேட்கப் போகிறானா என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"இன்னா மாப்ள, எதுனா மனக்கொறயா?"

"கொறயெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. லேடீஸ் மொதல்ல சாப்புடட்டும். அவுங்க சாப்ட்டப்புறம்தான் நான் கை வைப்பேன்."

ஜாபிர் சிதம்பரத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான். கடைக்கு ஆள் வராத நேரமெல்லாம், கோட்டுப் போட்ட ஒருவர் ஜென்டில்மேன் ஆவது எப்படி என்று பாடம் நடத்தும் வீடியோக்களைப் பார்த்தே தேறியவன். காலையில் ரூமானாவைப் பரங்கிப்பேட்டைக்கு அழைத்து வந்தபோது, இறங்கி ஓடிப்போய்த் திறந்துவிட ஷேர் ஆட்டோவில் கதவு இல்லையே என்று வருத்தப்பட்டான். அந்த வெயிலிலும் கோட்டோடு ஜும்மாவுக்குப் போய், தொழுகை முடிவதற்குள் வேர்வையில் குளித்திருந்தான். ரூமானா தன்னைப் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவன் கவலை.

"அதெல்லாம் நம்ம வூட்ல பழக்கமில்ல மாப்ள" என்று, பைக் தப்பித்த சந்தோஷத்தில் சிரித்தார் லியாக்கத் அலி. "முப்பது வருஷமாச்சி. நான் சாப்ட்டு எழுந்திரிக்காம உங்க மாமி ஒரு பருக்க வாயில வச்சதில்ல."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். ஜாபிர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அதான் மாமா தப்பு!"

அடுப்படித் திரைக்குப் பின்னால் குசுகுசுவென்று ஒரு மாநாடு நடந்தது. மாமியார் சலீமா பீவி பதறிப்போய்த் தலையை நீட்டினார். "வேணாம் மாப்ள. எங்களுக்கு இப்ப பசியே இல்ல. நீங்க பிஸ்மி சொல்லி ஆரம்பிங்க."

"பாத்தீங்களா? பசிக்குதுன்னு சொல்லக்கூட அவுங்களுக்கு வாய் வரல" என்ற ஜாபிருக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் இருந்த மைத்துனன் ஹுமாயூனுக்கும் கண் கலங்கியது, ஆனால் பசியில். விருந்தை நம்பிக் காலையில் வெறும் டீயோடு நிறுத்தியிருந்தான் அவன். "மச்சான், ஆறிப்போவுது மச்சான். ஈரல் வறுவலாவது கொஞ்சம் கேட்டு வாங்கவா?"

"ஈரலக் கேக்காத" என்று லியாக்கத் அலி அலுத்துக்கொண்டார். "நம்ம வூட்டுக்கு அறுக்குற ஆட்டுக்கு மட்டும் ஈரலே இருக்காது. என் நிக்காஹ்லேர்ந்து பாக்குறேன்."

ரூமானாவே வெளியே வந்துவிட்டாள். "எல்லாரும் சேந்தே குந்தலாமே மச்சான்."

"சேந்து குந்துனா அது சமம். மொதல்ல குடுத்தாத்தான் மரியாத."

கோட்டைக் கழற்றி மாட்டினான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு சகனைத் தூக்கிப் போய் உள்கூடத்தில் வைத்தான். மாமியாரையும், ஹுமாயூனின் மனைவி சாய்ராவையும், ரூமானாவையும் உட்காரச் சொன்னான். புது மாப்பிள்ளை சொல்லைத் தட்ட முடியுமா? மூவரும் உட்கார்ந்தார்கள்.

கரண்டியை ஜாபிரே பிடித்தான். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கொறித்தார்கள். சாய்ரா ஒரு துண்டுக் கறியை மென்று முடிப்பதற்குள் ஹுமாயூன் நாலு தடவை எச்சில் விழுங்கினான்.

"கூச்சப்படாதீங்க மாமி. முப்பது வருஷப் பசி" என்று இன்னொரு கரண்டி வைத்தான் ஜாபிர்.

"போதும் மாப்ள. அல்லாவுக்காகப் போதும்."

"ஒரே ஒரு கரண்டி."

சலீமா பீவி அதையும் சாப்பிட்டார். ரூமானாவின் கண்ணில் நீர் முட்டி நின்றது. இப்படி நெகிழ வைத்துவிட்டோமே என்று ஜாபிருக்குப் புல்லரித்தது.

ஒருவழியாக ஆண்கள் உட்கார்ந்தபோது சட்டியில் பிரியாணி ஆறி, நெய் உறைந்து கிடந்தது. லியாக்கத் அலி உறைந்த நெய்யை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார். நாலு கவளம் போனதும் அவருக்கே மனசு கேட்கவில்லை. "நானும் ஒரு நாளாவது அவள மொதல்ல சாப்புடச் சொல்லியிருக்கலாம்" என்றார். ஜாபிர் ஒரு சுற்று பெருத்துப் போனான்.

சாப்பிட்டு முடித்ததும் நேரே அறைக்குப் போனான். ரூமானா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப சொல்லு, உன் மச்சான் ஜென்டில்மேனா இல்லையா?"

"ஜென்டில்மேன்தான்" என்றாள் மெதுவாக.

"இன்னையோட வுடப்போறதில்ல. இனிமே வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம இங்க வந்துருவோம். மொதப் பந்தி உங்க மூணு பேருக்குத்தான். நானே பரிமாறுவேன். மாமாவும் சரின்னுட்டாரு."

ரூமானா தட்டுத் தடுமாறி எழுந்து கதவைச் சாத்தினாள். அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தாள். ஜாபிர் கண்ணை மூடிக்கொண்டு முத்தத்துக்குத் தயாரானான்.

அவள் அவன் காதில் சொன்னாள்: "வாப்பாகிட்ட சொல்லிடாதீங்க மச்சான், நீங்கெல்லாம் ஜும்மாவுக்குக் கெளம்புனதுமே நாங்க சாப்ட்ருவோம்!"