கப்பலில் இல்லாத எல்மர்

"அம்மா, கப்பல் இன்னிக்குச் செங்கடலைத் தாண்டுது. வெயில் மண்டையைப் பிளக்குது. எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க. உங்க பிள்ளை, எல்மர்."

அனுப்பிவிட்டு ரோடெல் ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டான். அவன் உட்கார்ந்திருந்தது மணிலாவில், ஒரு விளம்பரக் கம்பெனியின் பதினான்காவது மாடியில், ஏசிக்கு நேர் கீழே. சரக்குக் கப்பலில் அவன் காலை வைத்ததுகூட இல்லை.

எல்மர் என்பவன் ஒரு சினிமாப் பாத்திரம். தெற்கே இலோய்லோ மாகாணத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போன மாலுமி. படம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஓடிடியில் வருகிறது. அதற்கு முன்னால் நாற்பது நாள் எல்மர் பெயரில் ஃபேஸ்புக் பக்கம் நடத்தி, யார் எழுதினாலும் எல்மராகவே பதில் போடுவதுதான் ரோடெலுக்குக் கொடுத்த வேலை.

ஆரம்பத்தில் அந்தப் பக்கம் ஈ காக்கை இல்லாமல் கிடந்தது. ஆபீஸில் ஆளாளுக்குச் சித்தி, மாமா, ஒன்றுவிட்ட தங்கை என்று சொந்தபந்தத்தைப் பிடித்து இழுத்து வந்தார்கள். ரோடெலும் குடும்பக் குழுவில் லிங்க்கைப் போட்டு, 'எல்லாரும் லைக் போட்டு என் மானத்தைக் காப்பாத்துங்க' என்று கெஞ்சினான். இப்போது இரண்டு லட்சம் பேர்.

அதில் ஒருத்திதான் மாம்பழக்காரி. பெயரே அவ்வளவுதான், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாம்பழம். தினமும் தனிச்செய்தியில் வந்து, "தோத்தோ, சாப்பிட்டியா?" என்று கேட்பாள். இலோய்லோப் பக்கத்தில் தாய்மார்கள் மகனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்; ஊரான் பிள்ளையும் அவர்களுக்குத் தோத்தோதான்.

போன வாரம், "தோத்தோ, கப்பல்ல கணவாய்க் கருவாடெல்லாம் கிடைக்குமா?" என்று கேட்டிருந்தாள். "கிடைச்சா தேவாமிர்தம்மா! அந்த வாசனைக்கே ரெண்டு தட்டு சோறு இறங்கும்" என்று எழுதினான் எல்மர். பக்கத்தின் அடியில் 'இது திரைப்பட விளம்பரம்' என்று எறும்பு சைஸில் போட்டிருந்தது. பாசத்தோடு வருகிறவள் எறும்பையா தேடிப் பார்ப்பாள்?

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தெஸ் மேடம் வந்தாள். பக்கத்தின் பொறுப்பு முழுக்க அவளுடையது.

"ஆறு மணிக்குக் கடைசிப் பதிவு. 'எல்மர் போன கப்பல் மூழ்கிடுச்சு. யாரும் பிழைக்கல.' அதுக்கப்புறம் பக்கத்துல ஒரு வார்த்தை வரக் கூடாது. அழறவங்க படத்தைப் போட்டுப் பாத்து அழட்டும்."

"மேடம், ஒரு அம்மா எல்மர் நெசம்னே நம்பிட்டு இருக்காங்க. அவங்களுக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடட்டுமா?"

"நம்புறாங்கன்னா நீ நல்லா எழுதறேன்னு அர்த்தம். ஒருத்தர்கிட்ட சொன்னா ஸ்கிரீன்ஷாட் ஊர் சுத்தும், நாப்பது நாள் பாடு நாசமாப் போகும். உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?" மேடம் குனிந்து மூக்கைப் பொத்தினாள். "மேசைக்கு அடியில ரெண்டு நாளா அது என்ன பெட்டி? கருவாட்டு நாத்தம் குடலைப் புரட்டுது!"

"ஊர்லேருந்து வந்தது மேடம். பிரிக்க நேரமில்ல."

மேடம் போனதும் செல்போன் அதிர்ந்தது. அம்மா. ரோடெல் வழக்கம்போல் அழைப்பை வெட்டிவிட்டு, 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்ற ரெடிமேட் செய்தியைத் தட்டிவிட்டான். அதைத் தட்டும்போது அவனுக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை. பெற்றவள்தானே, எங்கே போய்விடப் போகிறாள்!

ஐந்தரைக்கு மாம்பழக்காரி வந்தாள். "தோத்தோ, செங்கடல்ல அலை ஜாஸ்தியாமே. ஜாக்கிரதைடா. மாதா கோயில்ல உன் பேருக்கு மெழுகுவத்தி ஏத்தினேன்."

ரோடெல் அதை இரண்டு தடவை படித்தான். இல்லாத பிள்ளைக்கு எரிகிறது மெழுகுவத்தி. இன்னும் அரை மணி நேரத்தில் அந்தப் பிள்ளையைக் கொல்லப்போகிறவனும் அவன்தான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. முகம் தெரியாத ஒருத்தியின் தாய்ப்பாசத்தில் கைவைத்துச் சம்பளம் வாங்கியிருக்கிறோம், நமக்கும் திருடனுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது.

மேடத்தின் கண்ணாடி அறையைப் பார்த்தான். உள்ளே கேக் வெட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வேலை போனால் போகட்டும் என்று டைப் அடிக்கத் தொடங்கினான்.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. நான் எல்மர் இல்ல. எல்மர்னு யாருமே இல்ல, கப்பலும் இல்ல. எல்லாம் ஒரு சினிமாவுக்காகச் சொன்ன பொய். நான் சம்பளத்துக்கு எழுதறவன். ஆறு மணிக்கு எல்மர் செத்துட்டான்னு செய்தி வரும், பதறிடாதீங்க. நாப்பது நாளா உங்களை ஏமாத்தியிருக்கேன். உங்க முகத்துல முழிக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்ல."

அனுப்பிவிட்டான். அவள் உடனே படித்துவிட்டாள்.

திரையில் மூன்று புள்ளிகள் துள்ளின. நின்றன. மறுபடி துள்ளின. சாபமோ, வசவோ, எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

பதில் வந்தது.

"தெரியும்டா ரோடெல். நீ எனக்குப் பதில் போடற ஒரே இடம் இதுதானே!"