தெருவுக்கு வாங்கிய பெட்டி

"நமது தெருவின் தாய், சேவைச் செம்மல், அன்னை ரத்தினாம்பாள் தமது தொண்ணூற்று நான்காவது வயதில் இயற்கை எய்தினார்" என்று ஆட்டோ மைக் மூன்றாம் முறையாக முழங்கியது. மருமகள் தவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூத்த மகன் முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்பது மாமியாரின் கட்டளை. அவன் கனடாவிலிருந்து நாளைதான் வருகிறான். மாமியார் தெருவுக்கென்று வாங்கிப் போட்ட ஃப்ரீசர் பெட்டியோ நேற்றே கீழத்தெரு சாவு வீட்டுக்குப் போய்விட்டது.

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?" என்றாள் தெருச் சங்கத் தலைவரிடம்.

"அம்மாதான்க்கா குடுக்கச் சொன்னாங்க. எனக்கு இப்ப என்ன அவசரம்னாங்க."

"திருப்பிக் கேளுங்க."

"குடுத்தத திருப்பிக் கேட்டா அம்மாவுக்குப் பிடிக்காதேக்கா."

தன் சீதனக் கட்டிலும் கிரைண்டரும் இப்படித்தான் போயின என்று தவமணி நினைத்துக்கொண்டாள்.

மீன் மார்க்கெட்டிலிருந்து நான்கு பாளம் ஐஸ் வந்தது.