படம் விழாத ஃபிலிம்

கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு வந்தார் தையல்காரர்.

"வாங்க, உட்காருங்க" என்று தன் நாற்காலியைக் காட்டினாள் அவள்.

"பரவாயில்லம்மா. டாக்டர் வரட்டும்."

"நானும் பல் டாக்டர்தான்."

"இல்லேன்னு சொல்லலையே. அவர்கிட்டயே காட்டிக்கிறேன்."

ஒரே க்ளினிக், இரண்டு அறை. ஒன்றில் கணவர், இன்னொன்றில் அவள். அவளிடம் புது டிஜிட்டல் எக்ஸ்ரே. எடுத்த கையோடு பல் கம்ப்யூட்டரில் வந்து நிற்கும். கணவரிடம் ஃபிலிம் போடும் பழைய மெஷின். கூட்டமோ அந்தப் பக்கம்தான். இங்கே உட்கார்ந்து ஈ ஓட்டுவதற்கு வேறெங்காவது சம்பளத்துக்குப் போய்விடலாம் என்று அவள் முடிவே பண்ணியிருந்தாள்.

கணவர் வந்ததும் தையல்காரர் முந்திக்கொண்டார். "ஃபிலிம்லயே எடுங்க டாக்டர். கம்ப்யூட்டர்னா சின்னதைப் பெருசாக் காட்டி பயமுறுத்திடும்."

எதில் எடுத்தாலும் சொத்தை சொத்தைதான்யா என்று அவளுக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு, வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தாள்.

பக்கத்து அறைக் கதவு சாத்தப்பட்டது. "அசையாதீங்க" என்று கணவர் குரல். பிறகு ஃபிலிமைக் கழுவ இருட்டறைக்குள் போனார். போனவர் லேசில் வரவில்லை. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள்.

ஒருவழியாக வெளியே வந்தவர், ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். வெறும் பிளாஸ்டிக்தான் இருந்தது.

"ஒண்ணுமே விழலையே. இந்த மெஷின் எனக்கே சொதப்புது. அவங்ககிட்ட ஒரு படம் எடுத்துக்குங்க. சொத்தை கண்டுபிடிக்கிறதுல அவங்க கெட்டி."

தையல்காரர் அரைமனதாக வந்து உட்கார்ந்தார். இரண்டு கடைவாய்ப்பல்லுக்கு நடுவே ஒளிந்திருந்த சொத்தை, திரையில் பளிச்சென்று தெரிந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, சுரண்டி, அடைத்து அனுப்பினாள்.

"வலியே தெரியல டாக்டர். இனிமே உங்ககிட்டதான். வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வர்றேன்."

அவர் படி இறங்கியதும் கணவர்மேல் பாய்ந்தாள். "போன வாரம் டீச்சர், அதுக்கு முன்னாடி பஸ் டிரைவர். எல்லாருக்கும் இதே கதை. ஒரு ஃபிலிம் ஒழுங்கா எடுக்கத் தெரியலைன்னு ஊரே சிரிக்கப் போகுது."

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

"உங்களுக்கு வெக்கமா இல்லையா? அந்த ஓட்டை மெஷினை எடைக்குப் போட்டாத்தான் என்ன?"

"கொஞ்ச நாள் இருக்கட்டும்மா." டீ வாங்கி வருவதாகச் சொல்லி நழுவிவிட்டார்.

அவளுக்கு ஆத்திரம் தீரவில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அவர் அறைக்குள் போனாள். மெஷினைச் சுவரோரத்திலிருந்து வெடுக்கென்று இழுத்தாள். பிளக்கைப் பிடுங்கக் குனிந்தாள்.

பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. வயர் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, மெஷினின் முதுகில் தொங்கியது. அதன்மேல் எத்தனையோ மாதத்துத் தூசி.

இழுத்த மெஷினை மெதுவாகச் சுவரோரத்துக்கே தள்ளி வைத்தாள்.

கரன்ட்டே கொடுக்காத மெஷினில் படம் எடுத்து எடுத்துத் தோற்று, தன்னைத் தேடி வந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராக அவள் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்.