ஒரே முகமூடி

மலாயாவில் அலோர் காஜா பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மூச்சுத்திணறலுக்கு இருந்தது ஒரே ஆக்சிஜன் முகமூடிதான். அதில் தொங்கும் ரப்பர் பை மூச்சுக்கு மூச்சு சுருங்கி விரியும். அதை அணிந்திருந்த வீராசாமி காலையில் இறந்துபோனார். அவசரகாலம். ஊரடங்குக்குப் பயந்து, வாய்க்கரிசிகூடப் போடாமல் மதியமே புதைத்துவிட்டார்கள்.

ஆயா ராஜம்மா முகமூடியைக் கழுவி ஆணியில் தொங்கவிட்டாள். பை சுருங்கி விரிந்தது.

"சிலிண்டர மூடலையா, அய்யா?"

"அப்பவே மூடிட்டேன்லா," என்றார் வைத்தியம் பார்க்கும் டிரெசர்.

பொழுது சாயுமுன் அவள் புருஷனையே மூச்சு திணறத் திணறத் தூக்கி வந்தார்கள். வேறு வழியில்லை, சிலிண்டரைத் திறந்து, அதே முகமூடியை அவளே கட்டிவிட்டாள். புருஷன் ஒரு மூச்சு இழுப்பதற்குள் பை இரண்டு முறை சுருங்கியது.

ராஜம்மா பையருகே குனிந்தாள்.

"வீராசாமி அண்ணே, இவருக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."