அழியாத பதிவு

மனிதன் அழிவான், அவன் டேட்டா அழியாது என்று அறிவித்துவிட்டு, பல் மருத்துவரின் தம்பி நோயாளி நாற்காலியில் மடிக்கணினியோடு ஜம்மென்று சாய்ந்திருக்கிறான். கிளினிக் மென்பொருள் ஓடும் டப்பாவான பழைய கன்டெய்னரை இப்போதுதான் கணினியிலிருந்து நீக்கினான். காலை வெயில் வாய் கொப்பளிக்கும் கிண்ணத்தில் மினுங்குகிறது. வெளியே மூன்று பேர் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருக்கிறார்கள். "பதினொரு வருஷப் பதிவுடா! தொலைச்சேன்னா உன் பல்லைக் கழட்டிருவேன்" என்று மிரட்டுகிறாள் மருத்துவர் அக்கா. "பதறாதக்கா. மாத்துறது டப்பாவை மட்டும்தான். செட்டிங்கும் டேட்டாவும் வெளிய தனி ஃபோல்டர்ல பத்திரமா இருக்கு. புது டப்பாவோட இணைச்சா போதும்." ஒரு தட்டு தட்டுகிறான். அக்காவுக்குப் பிடித்த பச்சைத் திரையும் அத்தனை நோயாளிகளின் பதிவுகளும் வந்துவிடுகின்றன. "யாரை வேணும்னாலும் தேடிப் பாரு!" அக்கா அவன் பெயரைத் தேடுகிறாள். ஏழு வருடத்துக்கு முந்தைய குறிப்பு அப்படியே இருக்கிறது: ஊசியைக் கண்டதும் இதே நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவிட்டார்.