நக இடுக்கில் பச்சை

சாப்பாட்டு மணி அடிக்கப்போகிற நேரம். கதிரவன் சார் லேப் கதவை உள்பக்கமாகப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குப்பைத் தொட்டியில் உடைந்து கிடந்த பொடி பாட்டிலை இப்போதுதான் பார்த்திருக்கிறார்.

"ஒருத்தரும் சாப்பிடப் போகக்கூடாது. பொடியை யார் தொட்டது?"

உள்ளே வேலை செய்கிறவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். பாத்திமா மேரி மெல்லப் பின்னால் நகர்ந்தாள். உடைத்தது அவள்தான்.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் அது சின்ன கம்பெனி. ரெண்டு வகை ரசாயனத்தைக் கலந்து, டிவி திரையில் வெளிச்சம் தர ஒரு புதுப் பொடிக்காக ரெண்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுதான் சரியாக வந்தது. இன்றைக்கு மேசை துடைக்கும்போது மேரியின் முழங்கை பட்டு, எல்லாம் தரையில்.

க்ளவுஸ் மாட்ட ஏது நேரம்? வெறும் கையாலேயே அள்ளிக் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். கை கழுவவும் போகவில்லை. குழாய்க்கு மேலேதான் கேமரா. சுடிதாரில் துடைத்துக்கொண்டதோடு சரி.

"பாட்டில் பெருசா, மனுசன் வயிறு பெருசா?" பக்கத்தில் பாக்யராஜ் முணுமுணுத்தான். "இந்தாளுக்கு நெஞ்சுல கல்லுதான்க்கா கீது."

சார் விளக்கை அணைத்துவிட்டு ஊதா டார்ச்சை எடுத்தார். அந்த வெளிச்சம் பட்டால் பொடி பச்சையாக மின்னும். அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"கையை நீட்டுங்க."

பாக்யராஜ், சுத்தம். மீனாட்சி, சுத்தம். அடுத்தது மேரி. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். வீட்டில் சம்பாதிக்கிறது அவள் ஒருத்திதான். இது போனால் வேறு வேலைக்கு எங்கே போவாள்?

"நீட்டும்மா!"

நீட்டினாள். பத்து விரலும் பச்சைப் பசேலென்று எரிந்தன. நக இடுக்கெல்லாம் பச்சை.

"இன்னாக்கா, நீயா?" என்றான் பாக்யராஜ்.

சார் டார்ச்சை மேசைமேல் வைத்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார். வெளியே தள்ளத்தான் போகிறார்.

"சார், தெரியாம ஒடச்சிட்டேன் சார். வேலய மட்டும்..."

குழாயைத் திறந்தார். சோப்பை அவள் கையில் திணித்தார்.

"பாட்டிலை யாரும்மா கேட்டா? அது ஈயம் கலந்த பொடி, வயித்துக்குள்ள போனா விஷம். தொட்டவங்க அந்தக் கையாலயே சோத்தைப் பிசைஞ்சி தின்னுட்டா என்ன பண்றதுன்னுதான் கதவைப் பூட்டினேன். தேய்... நல்லா தேய்!"