டவரின் முழங்கை

காலை ஐந்தேமுக்கால். ஐம்பதுக்கு ஒன்பது. டவர்.

கோச் நோட்டில் இப்படித்தான் எழுதினார். டவர் என்பது மின்வாரியக் கூடைப்பந்து அணியில் சக ஆட்டக்காரர்கள் வைத்த பெயர். அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர். உயரம் ஆறடி ஆறங்குலம்.

வளையத்துக்குக் கீழே தனியாக நிறுத்தினால் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு பந்து போடுவார். பக்கத்தில் தடுக்க ஒரு ஆள் வந்து நின்றால் ஒன்பது.

எங்கே கோளாறு என்று கோச்சுக்குப் பிடிபடவில்லை. உயரமான ஆட்டக்காரர் பந்தைப் பிடித்தால் தலைக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். முழங்கையை விரித்து இடம் பிடித்து, எம்பிப் போட வேண்டும். டவரோ பந்தை வயிற்றுக்கு இறக்கி, கூட்டமான பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர் மாதிரி இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொள்வார். எதிராளி சாவகாசமாகத் தட்டிக்கொண்டு போவான்.

"யாருப்பா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" என்று பலமுறை கேட்டாயிற்று. டவர் தரையைப் பார்ப்பார்.

போட்டிக்கான பெயர்ப் பட்டியல் சனிக்கிழமை போய்ச் சேர வேண்டும். அதில் பெயர் இருந்தால் டவருக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சரி.

பிளம்பர் வந்து சேர்ந்தது இரண்டு வாரத்துக்கு முன்னால். குள்ளம், நல்ல அகலம். மைதானத்துக்குத் தெருப்பக்கம் கதவு கிடையாது. அக்குளில் ஒரு பழைய சோபா மெத்தையை இடுக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்தார். உங்கள் உயரமான ஆளை இடிக்க ஒரு ஆள் வேண்டுமாமே, நான் நிற்கிறேன் என்றார். காலையில் வருகிறவர்கள் குறைவு என்பதால் கோச்சும் சரி என்றார்.

தினமும் தொடங்குமுன் பிளம்பர் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். ஒரு சின்ன டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றி பெஞ்சில் வைப்பார். பிறகு மூக்கையும் வாயையும் மூடித் துண்டைக் கட்டிக்கொள்வார். தூசு ஆகாதாம். டப்பாவில் மூக்குப்பொடி இருக்கும் என்று கோச் நினைத்துக்கொண்டார்.

அதன்பின் அடிதான். டவர் பந்தைப் பிடித்ததும் மெத்தை தோளில் விழும், இடுப்பில் விழும். இரண்டாவது வாரம் மெத்தையும் போய் வெறும் தோளால் இடித்தார்.

"இவ்வளவு உசரம் வளர்ந்தது எதுக்கு? பரண்ல இருந்து சாமான் எடுத்துக் குடுக்கவா? பந்தை இறக்காதேடா. ஏறி வா. என்னை இடிச்சுக்கிட்டு வா."

டவர் ஏறவில்லை, திருப்பி இடிக்கவும் இல்லை. விழுந்தால் எழுந்து, "சரிண்ணே" என்பார். அடி வாங்கத்தான் வந்தவர் போல இருந்தது.

வியாழக்கிழமை ஸ்கோர் எழுதுகிறவர் கோச்சின் காதைக் கடித்தார். பிளம்பர் வெறும் பிளம்பர் இல்லையாம். குடிநீர் வாரிய அணியின் தடுப்பாட்டக்காரராம். முதல் ஆட்டமே அவர்களோடுதான்.

கோச் நிமிர்ந்து பார்த்த நேரத்தில் டவர் தரையில் கிடந்தார்.

விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். "ஆட்டத்துக்கு முன்னாடியே எங்க ஆளை உடைச்சுப் போடலாம்னு வந்தியா?"

பிளம்பர் பெஞ்சுக்குப் போய் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு பொய்ப்பல். துண்டை அவிழ்த்தார். மேல் வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை.

"இவன் முழங்கை பட்டுத்தான் சார். ரெண்டு வருஷம் ஆச்சு, இவன் உங்க டீமுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு ஆட்டத்துல."

"அப்போ பழி வாங்க வந்திருக்கே."

"இல்ல சார். அன்னைக்குக் குனிஞ்சு இவன் கைக்கு அடியில பூந்தது நான். ஃபவுல் என்னோடது. ரத்தத்தைப் பார்த்ததும் இவனை வெளியே அனுப்பிட்டாங்க, ஆறு மாசம் தடையும் போட்டாங்க. நான் வாயைத் திறக்கலை. திறக்கிற நிலைமையிலயும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்புறமாச்சும் போய்ச் சொல்லியிருக்கணும். சொல்லலை. போன மாசம் இவன் ஆடுறதைப் பார்த்தேன். கையை ஒட்டிக்கிட்டு நிக்கிறான். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை சார்."

டவர் இதை முதல்முறையாகக் கேட்டார். முதல் நாளே ஆளை அடையாளம் கண்டு, இரண்டு வாரம் வாங்கிய இடியெல்லாம் தனக்கு வேண்டியதுதான் என்று வாங்கியவர் அவர்.

"நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார்.

"சொல்லியிருக்கலாம்." பிளம்பர் டப்பாவை மூடி பெஞ்சில் வைத்தார். துண்டைத் திரும்பக் கட்டவில்லை. "பல்லு பத்திரமா இருக்கு. இனிமே உடைய ஒண்ணுமில்ல. கையை மேல தூக்கு."

கோச் பந்தை எடுத்து டவரிடம் எறிந்தார்.

பதினோராவது பந்தில் டவரின் முழங்கை பிளம்பரின் கன்னத்தில் பட்டது. டவர் உறைந்து போனார். பந்து வயிற்றுக்கு இறங்கியது.

"நின்னா எப்படி?" என்றார் பிளம்பர், கன்னத்தைத் தேய்த்தபடி. "போடு."

அன்று ஐம்பதுக்கு முப்பத்தொன்று. சனிக்கிழமை போன பட்டியலில் டவரின் பெயர் மூன்றாவது.

ஜூலை 12-ஆம் தேதி நடந்த முதல் ஆட்டத்தில் மின்வாரியம் 61, குடிநீர் வாரியம் 59. டவர் எடுத்தது 27 புள்ளி. கடைசி வரை அவரை மறித்து நின்று நான்கு ஃபவுல் வாங்கியவர் பிளம்பர். ஆட்டம் முடியும் வரை அந்த டப்பா மின்வாரியக் கோச்சின் சட்டைப் பையில் இருந்தது.